சதாம் என் மாமன் இல்லை

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை விவாதத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு நாளாக வாய் திறக்காமல் இருந்தேன். நேற்று அந்த 40 விநாடி வீடியோ எங்கள் குடும்ப குரூப்புக்கே வந்துவிட்டது. அந்த குரூப்பில் என் அம்மா இருக்கிறாள். "டீச்சர், சதாம் உங்க மாமனா?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி ஈராக்கின் பழைய சர்வாதிகாரி சதாம் உசேனைச் சொல்லிக் கேட்பது, எல்லோரும் சிரிப்பது, நான் தண்ணீர் டம்ளரை எடுப்பது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்கு முன் நான் பேசிய 15 நிமிடம் எங்கே போனது?

தலைப்பு வந்தவர்களுக்குத் தெரியும். சொந்த மக்களை நசுக்கும் ஒரு சர்வாதிகாரியை வெளிநாட்டு ராணுவம் போய் அகற்றலாமா? களியக்காவிளைப் பக்கத்திலிருந்தும் எல்லை தாண்டிப் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் கூடாது என்று பேசினேன். சொன்னது ஒரே விஷயம்தான். ஆளைத் தூக்க ஒரு பெரிய ராணுவத்துக்குச் சில வாரம் போதும். மறுநாள் காலையில் அந்த ஊரில் தண்ணீர் யார் திறந்துவிடுவது, சம்பளம் யார் போடுவது, போலீஸ் ஸ்டேஷனில் யார் உட்காருவது? இதற்குப் பதில் வைத்திருக்காதவர்கள் படையெடுப்புக்குக் கை தட்டக் கூடாது. இதைச் சொன்னதற்குத்தான் சதாம் எனக்கு மாமன் ஆனார்.

சரி, சதாமுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தபோது என் அப்பா ஃபர்வானியாவில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஆறாம் வகுப்பு. இங்கே எங்கள் புது வீட்டுச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. அப்பா சேர்த்து வைத்திருந்த குவைத் தினார்களை முதலில் ஈராக் தினாருக்குச் சமம் என்றார்கள், பிறகு செல்லாது என்றே சொல்லிவிட்டார்கள். பாஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் போய், ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரத்தில் 11 நாள் கிடந்து, அம்மானில் விமானம் ஏறினார். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை அப்போது அப்படித்தான் கொண்டு வந்தார்கள். பம்பாயிலிருந்து ரயிலில் வந்து குழித்துறை ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் ஒரு தோள்பை மட்டும். அந்தச் சுவர் அதன் பிறகு பல மழைக்காலம் பாசி பிடித்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன வீடு அதுதான்.

அதனால் சதாம் யார் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அப்பா ஒன்று சொல்வார். பாஸ்ரா தாண்டி பஸ் பழுதாகி நின்றபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஈராக்கிக் கிழவி குடத்தோடு தண்ணீர் கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றினாளாம். "பாவம், சதாம் செய்ததுக்கு அவிய என்ன செய்ய முடியும்?" என்பார். ஐ.நா. மூலம் அப்பாவுக்கு 4,000 டாலர் இழப்பீடு வந்தது, தவணை தவணையாக. வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது அந்தப் பணத்தில்தான். அது சதாம் வீட்டுப் பணம் இல்லை. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். சதாமை 2006 டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். கடைசித் தவணையை ஈராக் கட்டி முடித்தது 2022-இல். செய்தவன் செத்து 15 வருடம் ஆன பிறகும் அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள் கட்டினார்கள். எங்கள் வீட்டுக் கூரை அவர்கள் பணம். இதை நினைக்காமல் என்னால் ஈராக்கைப் பற்றிப் பேச முடியாது.

2003-இல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கா ஈராக் மேல் படையெடுத்தது. ஏப்ரல் 9, பாக்தாதில் சதாமின் சிலையைக் கயிறு கட்டி இழுத்ததை டிவியில் காட்டினார்கள். அப்பா கை தட்டினார். இதை நான் மறைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் சொன்னேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதமே அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான பேர் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். சதாமின் பாத் கட்சியில் இருந்தவர்களை அரசு வேலையிலிருந்து நீக்கினார்கள். அதில் பல்லாயிரம் பேர் பள்ளி ஆசிரியர்கள். அந்த ஆட்சியில் கட்சி அட்டை இல்லாமல் வாத்தியார் வேலையில் நிலைப்பதே பாடு. 22 வருடமாகச் சாக்பீஸ் பிடிக்கிறவள் நான். நாளைக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து, உன் பழைய அரசாங்கம் கெட்டது, அதனால் நீ வகுப்புக்கு வராதே என்றால் என் பிள்ளைகளுக்கு யார் கணக்கு சொல்லித் தருவார்கள்? தேடிப் போன பேரழிவு ஆயுதங்களோ கிடைக்கவே இல்லை. 2006-இல் சமாரா நகரில் ஷியாக்கள் புனிதமாகக் கருதும் பள்ளிவாசலைத் தகர்த்த பிறகு ஊர் ஊராக ஷியா, சன்னி என்று முஸ்லிம்களின் இரு பிரிவினரும் வெட்டிக்கொண்டார்கள். அப்பா ஈராக் செய்தி வந்தால் சேனலை மாற்ற ஆரம்பித்தார்.

அப்புறம் 2014. ஐ.எஸ். தீவிரவாத இயக்கம் ஈராக்கின் பல ஊர்களைப் பிடித்தபோது திக்ரித் நகர மருத்துவமனையில் 46 நர்ஸுகள் சிக்கிக்கொண்டார்கள், பெரும்பாலும் மலையாளிப் பெண்கள். ஜூலை 5-ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கும் வரை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நர்ஸைப் பெற்ற வீடுகளில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பவே இல்லை. அவர்களைப் பிடித்த ஐ.எஸ். இயக்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களில் பலர் கலைக்கப்பட்ட அதே ராணுவத்தின் அதிகாரிகள். இது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

"ஹலப்ஜாவில் விஷவாயு போட்டுக் கொன்றானே, அந்தக் குர்துகளிடம் போய் இதைச் சொல்வீர்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வட ஈராக்கில் உள்ள அந்தக் குர்து ஊரில் 1988 மார்ச்சில் ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள். அப்போது ஈரானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சதாமுக்கு உதவிய நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1991-இல் அமெரிக்க அதிபரே ஈராக் மக்கள் எழ வேண்டும் என்று பேசினார். எழுந்தார்கள். தெற்கே ஷியாக்கள், வடக்கே குர்துகள். சதாமின் ஹெலிகாப்டர்கள் அவர்களைச் சுட்டு அடக்கியபோது குவைத்தை மீட்க வந்து பக்கத்திலேயே நின்ற அமெரிக்கப் படைகள் பார்த்துக்கொண்டிருந்தன. மக்கள் கேட்டபோது வரவில்லை, தங்களுக்குத் தோன்றியபோது வந்தார்கள். இதைச் சொன்னால் சதாமின் ஆளா?

லிபியாவைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். 2011-இல் பொதுமக்களைக் காக்க வெளிநாட்டுப் படை தாக்கலாம் என்று ஐ.நா.வில் தீர்மானம் போட்டார்கள், இந்தியா அதில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. அக்டோபரில் அந்த நாட்டுச் சர்வாதிகாரி கடாஃபி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் இரண்டு அரசாங்கம்.

"வங்கதேசம்?" என்று கேட்கிறவர்களுக்கு: அது வேறு. 1971-இல் நம் படை போனபோது அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்திருந்தார்கள், ஒரு கோடி அகதிகள் நம் நாட்டுக்குள் வந்திருந்தார்கள், நம் படை 1972 மார்ச்சிலேயே திரும்பியது. தான்சானியா படை போய் அகற்றிய உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனை எடுத்துக்காட்டினார் பாறசாலையிலிருந்து வந்த சேட்டன். அமீன்தான் முதலில் தான்சானியா மேல் பாய்ந்தவர், அதனால் அதையும் நான் தள்ளிவிடுவேன்.

கம்போடியாவைத் தள்ள முடியவில்லை. 1979 ஜனவரியில் வியட்நாம் படை அதன் தலைநகர் நோம்பென்னுக்குள் போகாமல் இருந்திருந்தால் அங்கே ஆண்ட போல் பாட்டின் ஆட்கள் இன்னும் எத்தனை லட்சம் பேரைக் கொன்றிருப்பார்கள்? வியட்நாம் தன் எல்லைக்காகத்தான் போனது, பத்து வருடம் அங்கேயே இருந்தது. அப்படியும் சாவு நின்றது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்று மேடையிலேயே சொன்னேன். வெட்டிய வீடியோவில் அதுவும் இல்லை.

இப்போது கமெண்டில் ஒருவர், "அப்பன் கல்ஃபில் தின்ற உப்புக்கு விசுவாசம்" என்று எழுதியிருக்கிறார். என் அப்பா தின்ற உப்பு குவைத் உப்பு. அதையும் பறித்தது சதாம். 2016-இல் அப்பா இறந்தபோது அவர் டிரங்குப் பெட்டியில் அந்தச் செல்லாத தினார் நோட்டு மூன்று இருந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் மேடை ஏறுகிறவள். அவர் பெயரை இழுக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

வீடியோ எடுத்தவர்களிடம் கேட்பது ஒன்றுதான். முழுசாகப் போடுங்கள். 15 நிமிடமும். பார்த்துவிட்டு எனக்கு எதிராக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "இந்தப் பய யாருக்க மவன்?" எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.