ஆண்டர்சன் கேட்ட பாக்கி

போன வாரம் டீக்கடையில் பேச்சு எப்படியோ அமெரிக்காவுக்குப் போய்விட்டது. மகனை அங்கே வேலைக்கு அனுப்பியிருக்கும் ஒரு அண்ணன் சொன்னார்: "அடிமைத்தனத்த ஒழிச்சு நூத்தி அறுபது வருஷம் ஆச்சு தம்பி. நம்ம பையனுங்க போயி இருபது வருஷத்துல வீடு வாங்கிடுறானுங்க, கறுப்பருங்க ஏன் இன்னும் அப்படியே இருக்காங்க?" அப்போது டக்கென்று பதில் வரவில்லை. வந்தது ராத்திரி படுத்த பிறகுதான், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜோர்டன் ஆண்டர்சன் என்று ஒருவர். டென்னசியில் அடிமையாக இருந்து, அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின்போது விடுதலையாகி, ஒஹாயோவில் டேட்டன் என்ற ஊரில் குடும்பத்தோடு குடியேறியவர். 1865இல் போர் முடிந்ததும் பழைய எஜமான் கடிதம் போடுகிறார், திரும்பி வா, நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று. ஆண்டர்சன் ஒருவரை எழுதச் சொல்லி அனுப்பிய பதில் அப்போதே செய்தித்தாளில் வந்தது. உங்களை எப்போதோ தூக்கில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று ரொம்ப மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு மனுஷன் கணக்குக்கு வருகிறார். நான் உழைத்தது 32 வருஷம், மாதம் 25 டாலர். மனைவி மேண்டி 20 வருஷம், வாரம் 2 டாலர். ஆக மொத்தம் 11,680 டாலர், அதற்கு வட்டி தனி. நீங்கள் எடுத்துக் கொடுத்த துணிமணி, எனக்கு மூன்று தடவை வைத்தியர் வந்தது, மேண்டிக்குப் பல் பிடுங்கியது, இதையெல்லாம் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள், உங்கள் நேர்மையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்கிறார். படித்துச் சிரித்தேன், சிரித்து முடித்ததும் அந்த எண்ணைத் திரும்பப் பார்த்தேன். அது ஒரே ஒரு தம்பதியின் கூலி. விடுதலையானவர்கள் சுமார் 40 லட்சம் பேர்.

அந்தப் பாக்கி தரப்படவே இல்லை. ஆனால் வாஷிங்டன் நகரத்தில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள், தலைக்கு 300 டாலர் வரை. வாங்கிக்கொண்டது எஜமானர்கள்!

கூலிதான் இல்லை, நிலமாவது கொடுத்திருக்கலாமே என்றால், கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள். 1865 ஜனவரியில் சவானா நகரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் 20 கறுப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், 67 வயது, தன்னையும் தன் மனைவியையும் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து விலைக்கு மீட்டுக்கொண்டவர். எங்களுக்கென்று நிலம் வேண்டும், நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார் அவர். நாலே நாளில் உத்தரவு வந்தது, கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த நிலங்களையும் அவர்களுக்கே திருப்பிவிட்டார்.

இதை மக்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய வேலை, விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையை நடத்திய ஜெனரல் ஹோவர்டின் தலையில் விழுந்தது. நல்ல மனிதர்தான், போரில் வலது கையை இழந்தவர். அக்டோபரில், அப்படிக் குடியேறியவர்கள் இருந்த தெற்கு கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போய், நிலத்தை விட்டுக்கொடுங்கள், முதலாளிகளை மன்னியுங்கள் என்றார். தீவுக்காரர்கள் அவருக்கு எழுதிய பதிலின் சாரம் இது: போரில் நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம், என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் அடித்தவனை, இன்றைக்கும் அவன் சொல்கிற விலைக்கு உழைத்தால்தான் காலிக் குடிசையில்கூட இருக்கவிடுவேன் என்கிறவனை நான் எப்படி மன்னிப்பேன்?

கொடுக்க நிலம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 40 லட்சம் பேரை 10 லட்சம் குடும்பம் என்று வைத்தால், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் 4 கோடி ஏக்கர் ஆகிறது. அதே காலத்தில் ரயில் கம்பெனிகளுக்கு அமெரிக்க அரசு கொடுத்தது 10 கோடி ஏக்கருக்கு மேல்.

நிலம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதே பண்ணையில் வாரத்துக்கு ஓட்டினார்கள், அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுத்துவிட்டு. என் தாத்தா வாரத்துக்கு ஓட்டியவர் என்பதால் இந்த இடம் எனக்குப் படித்தவுடன் புரிந்தது. தெற்கில் போருக்குப் பிறகு கையில் காசு இல்லை, போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் நோட்டெல்லாம் வெறும் காகிதமாகிவிட்டது, பேங்கும் அபூர்வம். ஆகவே விதை, கோவேறு கழுதை, சோளமாவு, பன்றிக்கறி எல்லாம் கடைக்காரரிடம் கடன், சில இடங்களில் பண்ணையாரே கடைக்காரர். ஒரே சாமானுக்கு ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. ஈடு என்பது இன்னும் விளையாத பருத்தி. அதனால் பருத்திதான் போட வேண்டும், வீட்டுக்கு ஆகிற காய்கறி போட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நோட்டு அவர் கையில், பல பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவனும் எதிர்த்துப் பேசினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போகும். எல்லோரும் பருத்தியே போட்டதில் அதன் விலையும் விழுந்துகொண்டே போனது, வெள்ளைக்கார ஏழை விவசாயிகளும் ஏராளமாக இதே பள்ளத்தில் விழுந்தார்கள்.

இதிலிருந்து தப்பி வேறு ஊருக்குப் போகலாமே என்றால், மிசிசிப்பியில் 1865 கடைசியிலேயே சட்டம் வந்துவிட்டது. வேலையில் இருப்பதற்கு எழுத்து மூலம் அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் ஊர்சுற்றி என்று பிடித்து அபராதம், கட்ட முடியாதவனை யாராவது பண்ணையாருக்கு வாடகைக்கு விடுவார்கள். அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்திலேயே 'குற்றத்துக்கான தண்டனை நீங்கலாக' என்று ஒரு வாசல் திறந்திருந்தது. அலபாமா தன் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விடுவதை நிறுத்தியது 1928இல்தான்.

எல்லாமே தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. 1867க்குப் பிறகு கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள், 1870இல் ஹைரம் ரெவெல்ஸ் செனட்டர் ஆனார். தெற்கின் பல மாநிலங்களில் எல்லோருக்குமான அரசுப் பள்ளி என்பதே இவர்கள் பங்கெடுத்து எழுதிய அரசியல் சட்டங்களால் வந்தது, அதில் வெள்ளைப் பிள்ளைகளும் படித்தார்கள். 1870இல் கறுப்பினத்தவரில் எழுத்தறியாதவர்கள் சுமார் 80 சதவீதம், 1910இல் 30 சதவீதம். பள்ளிகளைக் கொளுத்திய ஊர்களில் நடந்தது இது! அந்த மாநில அரசுகளில் ஊழல் இருந்ததா, இருந்தது, ரயில் பத்திரங்களில் நன்றாகவே சுருட்டினார்கள். ஆனால் அதே வருஷங்களில் நியூயார்க்கில் ட்வீட் என்ற வெள்ளைக்கார அரசியல்வாதி அடித்த கொள்ளைக்காக யாரும் வெள்ளைக்காரனுக்கு ஓட்டுரிமை கூடாது என்று சொல்லவில்லையே.

1877இல் மத்திய அரசு தெற்கில் நிறுத்தியிருந்த படையைத் திரும்பப் பெற்றது, அதன்பிறகு வாக்கும் போனது. லூசியானாவில் 1896இல் கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர், 1904இல் 1,342. திரும்ப உறுதியாகக் கிடைத்தது 1965 வாக்குரிமைச் சட்டத்தில். அண்ணனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் பெருவாரியாக அமெரிக்கா போக வழிவிட்ட குடியேற்றச் சட்டமும் அதே 1965இல், அதே உரிமைப் போராட்டத்தின் சூட்டில் வந்ததுதான்.

எடிஸ்டோவிலிருந்து படகில் போகிற தூரத்தில் செயின்ட் ஹெலினா தீவு. அங்கே கதை வேறு மாதிரி போனது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, வரி கட்டாமல் ஓடிப்போன முதலாளிகளின் நிலத்தை அரசு ஏலம் விட்டது, அதில் விடுதலையானவர்கள் பத்துப் பத்து ஏக்கராகக் காசு கொடுத்து வாங்கினார்கள். பக்கத்து பியூஃபோர்ட்டில், எதிரிக் கப்பலையே கடத்திக்கொண்டு தப்பி வந்த ராபர்ட் ஸ்மால்ஸ் தன் பழைய எஜமானின் வீட்டையே அப்படித்தான் வாங்கினார். முன்பு அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் வரை போய் 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. செயின்ட் ஹெலினாவில் அப்படி வாங்கிய நிலங்களில் அவர்கள் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். பலரிடம் உயில் இல்லை, பாட்டன் சொத்து எல்லோருக்கும் பொது. ஒரே ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றால்கூட அவன் நீதிமன்றம் போய் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அந்தக் கடலோரத்தில் நிறைய நிலம் அப்படிக் கைமாறியிருக்கிறது. கொஞ்சம் தெற்கே, ஹில்டன் ஹெட்டில், இப்போது கோல்ஃப் ஆடுகிறார்கள்.