இது அவள் எழுதியது இல்லை

கடைசித் தேதியான ஜனவரி 15-க்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இரவு பதினொன்றரை மணி. மகள் தூங்கிவிட்டாள். போர்டிங் ஸ்கூல் விண்ணப்பத்துக்காக அவள் எழுதி வைத்திருந்த கட்டுரையைத் திறந்து, ஒரு கமாவை மட்டும் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு வாக்கியம் நீளமாகப் பட்டது, சுருக்கினேன். ஒன்றரை மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது நடுவில் இரண்டு பத்திகள் முழுக்க என் எழுத்தாக இருந்தன. காலையில் அவளிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் எழுதினது இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த ஒரு வரி என்னை விடவில்லை. பிப்ரவரி 1-ஐக் கடைசித் தேதியாக வைத்திருக்கும் பள்ளிகளுக்காக இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர் தினமும் என்னிடம் பேசுகிறார்கள். எல்லோர் குரலிலும் ஒரே மூச்சிரைப்பு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு படிவம் நிரப்பும் வேலை. உள்ளே இறங்கினால்தான் தெரியும். அமெரிக்க உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஜனவரி 15 அல்லது பிப்ரவரி 1-ஐ ஒட்டிக் கதவைச் சாத்துகின்றன. முடிவு மார்ச் 10-ல் வரும். இடம் கிடைத்தால் ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஓட்டம் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். 13 வயதில் சேர வேண்டிய பிள்ளைக்குப் பத்து வயதிலேயே பதிவு செய்யச் சொல்லும் பள்ளிகள் அங்கே உண்டு.

ஒரே ஒரு பள்ளிக்கு என்னென்ன போக வேண்டும் என்று பாருங்கள். பிள்ளை எழுதும் கட்டுரை, பெற்றோர் எழுதும் குறிப்பு, ஆங்கில ஆசிரியர் கடிதம், கணக்கு ஆசிரியர் கடிதம், இப்போது படிக்கும் பள்ளியின் தலைமையிடமிருந்து ஒன்று, முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல், எஸ்எஸ்ஏடி (SSAT) போன்ற நுழைவுத் தேர்வின் முடிவு, பிள்ளைக்கும் நமக்கும் நேர்முகம். கட்டண உதவி கேட்பவர்களுக்கு வருமானக் கணக்குகளோடு தனியாக இன்னொரு விண்ணப்பம். இதில் பாதி நம் கையில் இல்லை. கணக்கு ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. பொறுப்பு முழுக்க நம் தலையில், வேலையோ ஐந்தாறு பேர் கையில். மூச்சிரைப்பு வராமல் என்ன செய்யும்?

சீக்கிரமே ஆரம்பித்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1994-ல் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தன் ஒருத்தர் வேலைக்கே மனிதர்கள் போடும் கணக்கு இப்படி. எனவே ஜனவரியில் திணறும் எந்த அம்மாவையும் அப்பாவையும் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லாதீர்கள். நாங்கள் செப்டம்பரிலேயே ஆரம்பித்தோம். அப்படியும் கடைசி வாரம் கடைசி வாரமாகத்தான் இருந்தது.

எஸ்எஸ்ஏடி முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வகுப்பில் எப்போதும் முதல் மூன்று பேரில் வருகிறவளுக்கு 61-வது பெர்சென்டைல். நூற்றுக்கு 61 மதிப்பெண் எடுத்ததாகவே எனக்குப் பட்டது. அது மதிப்பெண்ணே இல்லை. அந்தத் தேர்வை எழுதும் பிள்ளைகளோடு மட்டும் வைத்துப் பார்க்கும் ஒப்பீடு. இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போக வேண்டும் என்று தயாராகி வந்தவர்கள்தான் அதை எழுதுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நடுவுக்கு மேலே நிற்பது சின்ன விஷயம் கிடையாது. இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பதுதான் இப்போது வலிக்கிறது.

அந்தத் தேர்வில் இன்னொன்றும் உண்டு. ஒரு சின்னக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதற்கு மதிப்பெண் போடுவதில்லை, ஆனால் அப்படியே பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அதாவது, யாருடைய உதவியும் இல்லாமல் பிள்ளை கையால் எழுதியதும், வீட்டில் நாம் மெருகேற்றி அனுப்பியதும் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நள்ளிரவில் பத்திகளை மாற்றிக்கொண்டிருந்தபோது இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன். பதற்றம் என்றால் அதுதான்.

என் கணவர் வேறு மாதிரி. எட்டுப் பள்ளி, ஒவ்வொன்றுக்கும் பதினொரு கட்டம் என்று ஒரு எக்செல் ஷீட் போட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு. சாப்பாட்டு மேசையில் அந்த ஷீட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. "அந்த மெயிலுக்குப் பதில் வந்துச்சா?" "உன் டீச்சர் அனுப்பிட்டாங்களா?" டிசம்பர் நடுவில் ஒரு நாள் கவனித்தேன், மகள் எங்களுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். எத்தனை நாளாக இப்படி என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை.

அன்று இரண்டு முடிவு எடுத்தோம். விண்ணப்பம் பற்றிய பேச்சு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டும். எட்டுப் பள்ளியை நான்காகக் குறைப்பது, எந்த நான்கு என்பதை அவளே சொல்வது. இரண்டாவது முடிவுக்கு வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. பள்ளி கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்பது கணவரின் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. பொதுவான விண்ணப்பத்துக்கு மேல் ஒவ்வொரு பள்ளியும் தனிக் கேள்விகள் கேட்கும். ஏழாவது பள்ளிக்கு 'ஏன் எங்கள் பள்ளி' என்று எழுதும்போது பிள்ளையிடம் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. படிப்பவர்களுக்கு அது தெரியாமல் போகுமா?

ஆலோசகர்கள் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்லவர்கள் இருக்கலாம். நாங்கள் பேசிய ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே, "இப்பவே லேட் ஆயிடுச்சு" என்று மூன்று முறை சொன்னார். நான் கேட்டது ஒரு சின்ன சந்தேகம். அதற்குப் பதில் வரவில்லை, பயம்தான் கூடியது. அதே சந்தேகத்தை நேராகப் பள்ளியின் அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதினேன், மறுநாளே பொறுமையான பதில் வந்தது. ஆசிரியர் கடிதம் தாமதமானபோதும் அவர்களிடமே கேட்டேன். பிள்ளையின் பகுதி தேதிக்குள் வந்தால் போதும், கடிதம் சில நாள் கழித்து வரலாம் என்றார்கள். ஒவ்வொரு பள்ளியும் இப்படி இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பாருங்கள். கடைசி நேரம் நள்ளிரவு என்றால் எந்த ஊர் கடிகாரப்படி நள்ளிரவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன்பே ஆசிரியர்களிடம் பேசிவிடுங்கள். டிசம்பர் கடைசியில் மெயில் அனுப்பிவிட்டு நான் காத்திருந்த காத்திருப்பு வேறு யாருக்கும் வேண்டாம்.

சரி, என் மனதில் கிடப்பதற்கு வருகிறேன். பெற்றோர் குறிப்பு என்று ஒன்று உண்டு என்றேன் இல்லையா? உங்கள் பிள்ளையைப் பற்றி உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள் என்பார்கள். எல்லாக் கட்டங்களும் பச்சையான பிறகும் அது மட்டும் சிவப்பாகவே கிடந்தது. அது என் வேலை. மூன்று வாரம் அதைத் தொடவில்லை. மற்ற எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன், அதை மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொல்லு, நான் டைப் பண்றேன்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த அறையில் அவள் இருமினால் அது சளியா, தூசியா, அழுகையை மறைக்கும் இருமலா என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவரும் டைப் செய்வதை நிறுத்திவிட்டார். செப்டம்பரிலிருந்து இந்த ஷீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் எதைப் பேசாமல் தள்ளிக்கொண்டு வந்தோம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பதின்மூன்று வயதில் அவள் வீட்டை விட்டுப் போகப் போகிறாள். போக வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டாள், நாங்களும் சம்மதித்தோம். அந்த இருமல் இனி எங்கள் காதில் விழாது.

தேதியைப் பற்றிப் பயப்படுவது சுலபம். அதற்கு ஒரு நாள், ஒரு மணி, ஒரு பொத்தான் இருக்கிறது. பிரிவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் முழுப் பயத்தையும் தேதியின் மேல் ஏற்றிவிட்டு, அந்த வேகத்தில் பிள்ளையின் கட்டுரையையும் பிடுங்கிக்கொண்டோம். என் விஷயத்தில் நடந்தது இதுதான். உங்களில் பலருக்கும் இதுவேதானோ என்று நினைக்கிறேன்.

பிடுங்குவதால் வரும் கேடு அட்மிஷனோடு நிற்பதில்லை. வீட்டு ஏக்கம் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்த கிறிஸ்டோபர் தர்பர், ஓர் உறைவிடப் பள்ளியிலேயே உளவியலாளராக இருந்தவர். வீட்டை விட்டுப் போகும் முடிவில் தனக்குப் பங்கே இல்லை என்று உணரும் பிள்ளைகளுக்கு ஏக்கம் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய ஆய்வுகள் சொல்லும் முக்கியமான விஷயம். அதைப் படித்தபோது அந்த இரண்டு பத்திகள்தான் நினைவுக்கு வந்தன. முதல் நாள் இரவு அங்கே அவள் விழித்துக் கிடக்கும்போது, 'இங்கே வர நான்தான் எழுதினேன்' என்ற நினைப்பு அவளிடம் இருக்க வேண்டும். நானோ அதையும் திருத்தி வைத்திருந்தேன்.

நான் அழித்த பகுதியில் என்ன இருந்தது என்று சொல்லவில்லையே. பத்து வயது வரை இருட்டுக்குப் பயந்தது, படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டே இறங்கியது, பதினான்கு படி என்று தெரிந்த பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது. அதை எடுத்துவிட்டு, அறிவியல் குழுவுக்கு அவள் தலைவியாக இருந்ததை நான் போட்டிருந்தேன். பலவீனம் தெரியக் கூடாதாம்.

நல்லவேளை, பழைய பிரதி இருந்தது. அன்று மாலையே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவளே இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள், கடைசி வரியை மாற்றினாள். 13-ம் தேதி மாலை அவளே சப்மிட் அழுத்தினாள். நான் பின்னால் நின்றிருந்தேன். திரையில் உறுதிச் செய்தி வந்ததும் கணவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். அவள் நாற்காலியில் சுற்றி என் பக்கம் திரும்பி, "அங்க ரூம்ல ராத்திரி ஒரு சின்ன லைட் போட்டுக்க விடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். கேட்டு எழுதலாம் என்றேன். மெயிலை அவளே எழுதினாள்.