அம்மாவுக்கு ஆபிரகாம் யார்?

போன மாசம் அரூர்ப் பக்கம் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் அம்மாவைக் கேட்டான்: "ஏன் அத்தே, ஜெபத்துல எங்கள் பிதாவாகிய ஆபிரகாம்னு சொல்றீங்களே, அவரு என்ன நம்ம பங்காளியா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். கிருஷ்ணகிரி வந்து இறங்கும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா பிறந்தது இந்துக் குடும்பத்தில். அப்பாவைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் எடுத்தார், 35 வருடம் ஆகிறது. இத்தனை வருடம் கழித்தும் அது இரவல் தாத்தா என்று சிரிக்க ஆள் இருக்கிறது.

ஆபிரகாம் யூதர்களின் ஆதித் தகப்பன். அவரை வெளியிலிருந்து வந்தவன் 'எங்கள் தகப்பன்' என்று சொல்லலாமா என்கிற கேள்வி யூதர்களிடம் ரொம்பப் பழசு. சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்கிற யூதச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. மதம் மாறி வந்தவன் விளைச்சலின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் 'எங்கள் முன்னோருக்கு ஆணையிட்ட தேசம்' என்று சொல்லக் கூடாது. அவன் தனியாக ஜெபித்தால் 'இஸ்ரவேலின் பிதாக்களின் தேவனே', சபையில் நின்றால் 'உங்கள் பிதாக்களின் தேவனே' என்று சொல்ல வேண்டும். கூட்டம் முழுக்க 'எங்கள்' என்று சொல்ல, ஒருவன் மட்டும் 'உங்கள்' என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்று ஒருவர், மதம் மாறி யூதரானவர், அந்தக் காலத்தின் பெரிய அறிஞர் மைமோனிடிஸுக்கு இதையே கேட்டு எழுதினார். நான் 'எங்கள் பிதாக்கள்' என்று சொல்லலாமா? பதில் வந்தது: எதையும் மாற்றாதே, எல்லாவற்றையும் எங்களைப் போலவே சொல். ஆபிரகாம், தன் வழியை ஏற்று வருகிற எல்லோருக்கும் தகப்பன். 'எங்களை எகிப்திலிருந்து மீட்டவர்' என்கிற இடத்தில் வேண்டுமானால் 'இஸ்ரவேலை மீட்டவர்' என்று மாற்றிக்கொள், மாற்றாவிட்டாலும் தப்பில்லை. அதோடு விடவில்லை. உன் பிறப்பைத் தாழ்வாக நினைக்காதே, நாங்கள் ஆபிரகாமைச் சேர்ந்தவர்கள் என்றால் நீ உலகத்தைப் படைத்தவரையே சேர்ந்தவன் என்றும் எழுதினார். திண்ணையில் இதைச் சொல்லத் தெரியாமல் போய்விட்டதே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மச்சானின் அம்மா ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன், மாமா நிலத்தில் கல்லாக நிற்கிற வேடியப்பன் சாமி அவருக்கு யாரோ. இன்று 'எங்க வேடியப்பன்' என்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குத்தான் நேர்ந்துகொள்கிறார். ரத்த சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. வாழ வந்த வீட்டுச் சாமி அவர் சாமி, அந்த வீட்டு முன்னோர் அவர் முன்னோர். என் அம்மாவும் வாழ வந்த பெண்தான்.

வேதத்தில் வரும் ரூத்தும் மருமகள்தான். மோவாப் தேசத்துக்காரி, இஸ்ரவேல் பெண் அல்ல. புருஷன் செத்த பிறகும் மாமியாரை விடாமல் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று கூடவே போனாள். தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனாள். ஆனாலும் அந்தப் புஸ்தகம் அவளை 'மோவாபிய ஸ்திரீ' என்றும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பிறந்த ஊரை அவள் பேரிலிருந்து யாரும் பிடுங்கவில்லை.

இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அம்மா கல்யாணமான புதிதில் ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், அந்தக் கல்லெல்லாம் சாத்தான், பிறந்த வீட்டு நிலத்துப் பக்கமே போகாதே என்றாராம். அம்மா கேட்டது: "மாட்ட மீட்கப் போயி செத்தவன் கல்லுங்க அது. செத்தவன எப்படிங்க சாத்தான்னு சொல்றது?"

வேடியப்பன் என்று இந்தப் பக்கம் கும்பிடுகிற பல கற்கள் நடுகற்கள்தான். மாமா நிலத்தில் இருப்பதில் வில் பிடித்த ஒருவன் நிற்கிறான், மேலே தேய்ந்துபோன எழுத்து. காதுகுத்து அன்று பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அம்மா அங்கே போனார். சூடம் ஏற்றவில்லை, கும்பிடவில்லை. கல்லை மறைத்து நின்ற எருக்கஞ்செடியை ஒடித்துப் போட்டார். வில்லின் மேல் காய்ந்திருந்த காக்கை எச்சத்தை முந்தானையால் தேய்த்துத் துடைத்தார். திண்ணையில் அத்தனை பேர் சிரித்த பிறகு நடந்தது இது.

அப்பா ஊர் சந்தூர்ப் பக்கம், ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன இடம். நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, செந்தூராக் குச்சியைச் சீவிச் செருகி, பாலிதீன் பட்டையால் இறுக்கிச் சுற்றுவார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஒட்டு தலைகீழ். யூதரல்லாதவர் என்கிற காட்டு ஒலிவக் கிளையை இஸ்ரவேல் என்கிற நல்ல மரத்தில் ஒட்டுகிறார். அது சுபாவத்துக்கு விரோதம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அப்புறம் அந்தக் கிளையிடம் சொல்கிறார்: பெருமை பேசாதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது. ஆபிரகாமை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே யூதரை இளக்காரமாகப் பேசுகிறவர்களும், பெற்ற தாத்தனைப் பேய் என்கிறவர்களும் இதை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மச்சான், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த வாரம் அம்மா அங்கே வருகிறார். நேரில் ஒரு வார்த்தை பேசிவிடு. போனில் வேண்டாம்.