வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லாதீர்கள்

கடலோரச் சேற்றுநிலத்தை மண் கொட்டி மூடப் போகிறார்கள் என்றால், எந்த ஊரானாலும் ஒரே பதில்தான் வருகிறது. "பறவைக்கு றெக்கை இருக்கு சார், இங்க இல்லன்னா பக்கத்துல எங்கயாவது போயிடும்." கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், டீக்கடையில் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்த, இயற்கை மேல் அக்கறை உள்ள நண்பர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்பதை ஒரு நாடு ஏற்கனவே பெரிய விலை கொடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டது. நம் ஊரில் அந்தக் கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தென்கொரியாவின் மேற்குக் கரையில் சேமாங்கும் என்று ஓர் இடம். இரண்டு ஆறுகள் மஞ்சள் கடலில் சேரும் கழிமுகம். அந்தக் கடலில் நீர் ஏறி இறங்குவது நம் வங்காள விரிகுடாக் கரை மாதிரி அரை மீட்டர், ஒரு மீட்டர் சமாச்சாரம் இல்லை, பல மீட்டர். கடல் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை சேறு. அந்தச் சேற்றில் சிப்பி, புழு, நண்டு. அவற்றைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த பெண்கள், அவற்றைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த லட்சக்கணக்கான கரைப்பறவைகள். நெல் வயல் ஆக்குகிறோம் என்று சொல்லி 1991இல் அங்கே ஒரு கடல் சுவரைக் கட்ட ஆரம்பித்தார்கள். 33 கிலோமீட்டர் நீளம். உள்ளே அடைபட்ட பரப்பு ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2003இல் புத்த பிக்கு, கத்தோலிக்கப் பாதிரியார் என்று வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த நான்கு துறவியரும் போதகர்களும், மூன்று அடி நடந்து ஒரு முறை தரையில் விழுந்து வணங்குவது, மறுபடி மூன்று அடி, மறுபடி தரையில் விழுவது என்று 300 கிலோமீட்டருக்கும் மேல் தலைநகர் சோல் வரை போனார்கள். 65 நாள். முட்டி தேய்ந்து, வெயிலில் காய்ந்து, ஒரு சேற்றுக்காக. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2006 மார்ச்சில் தோற்றது. அடுத்த மாதமே சுவரின் கடைசி இடைவெளியையும் அடைத்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கிரேட் நாட் என்று ஒரு பறவை, நம் உள்ளான் வகையைச் சேர்ந்தது, உள்ளான்களிலேயே பெரியது. சைபீரியாவின் வடகிழக்கு மலைகளில் முட்டையிட்டு, பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும். நடுவே தங்கி உடம்பைத் தேற்ற அதற்கு இருந்த மிக முக்கியமான இடங்களில் ஒன்று சேமாங்கும். பேர்ட்ஸ் கொரியா அமைப்பினரும் ஆஸ்திரேலியக் கரைப்பறவை ஆய்வாளர்களும் 2006 முதல் 2008 வரை சேர்ந்து கணக்கெடுத்தார்கள். சுவருக்கு உள்ளே எண்ணிக்கை சரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். பக்கத்துக் கழிமுகங்களிலும் எண்ணினார்கள். இங்கே குறைந்த பறவைகள் அங்கே கூடியிருக்க வேண்டும் அல்லவா? காணாமல் போனவை பல பத்தாயிரம், அதற்கு ஈடாக எங்கேயும் கூடவில்லை. அதே காலத்தில் ஆஸ்திரேலியக் கரைகளிலும் கிரேட் நாட் வரத்து குறைந்தது. அதாவது அவை இடம் மாறவில்லை, செத்துப்போயின. 2015இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அந்தப் பறவை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்ற நிலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏன் இடம் மாற முடியவில்லை? இதற்குப் பதில் அவற்றின் உடம்பில் இருக்கிறது. பட்டைவால் மூக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் இ7 என்று அடையாளமிட்ட ஒரு பெண் பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல், இறங்காமல், எட்டு நாளுக்கு மேல் பறந்தது. 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள். இந்தச் செய்தி வரும்போதெல்லாம் எல்லோரும் வியந்து பகிர்கிறோம், நானும் பகிர்ந்தேன். ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்னால் அந்தப் பறவை என்ன செய்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அந்தக் கொழுப்பைச் சுமக்க வேண்டும் என்பதால் இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் முன்கூட்டியே சுருங்கிவிடும். நடுக்கடலில் இறங்கி ஓய்வெடுக்க அது வாத்தும் இல்லை, கடற்காகமும் இல்லை. வசந்தத்தில் அதே இ7 நியூசிலாந்திலிருந்து கிளம்பி 10,000 கிலோமீட்டர் தாண்டி இறங்கிய இடம் மஞ்சள் கடலின் வடக்குக் கரையில் இருக்கும் யாலு ஆற்றுக் கழிமுகம். அங்கே தின்று தேறிய பிறகுதான் அலாஸ்காவுக்குப் போய் முட்டையிட முடியும்.

இப்படி எலும்பும் தோலுமாக வந்து இறங்குகிற பறவைக்கு முன்னால் சேறு இல்லை, சுவர்தான் இருக்கிறது என்றால் அது எங்கே போகும்? தேடி அலைய உடம்பில் கொழுப்பு இல்லை. அடுத்த கழிமுகம் இருந்தாலும் அங்கே ஏற்கனவே வேறு பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும், இருக்கிற சிப்பிதான் இருக்கும், புதிதாக வந்தவற்றுக்காக அது கூடாது. பனி உருகும் நாளுக்குள் வடக்கே போய்ச் சேராவிட்டால் அந்த வருடம் குஞ்சும் இல்லை. இதையெல்லாம் விட, இவை வருடா வருடம் அதே சேற்றுக்குத் திரும்பி வரும் பறவைகள். காலில் வளையமிட்டுப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் இப்படிக் காலில் கொடி கட்டிய மூன்று இனங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மறக்காது: ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாதங்களில் அவை நன்றாகத்தான் உயிர் வாழ்கின்றன, வெளியே போய்த் திரும்பும் மாதங்களில்தான் சாவு கூடிக்கொண்டே போகிறது. தங்கும் வீடு பத்திரமாக இருந்து பிரயோஜனமில்லை, வழியில் சோறு இல்லை.

மஞ்சள் கடலைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளில் அலை ஏறி இறங்கும் சேற்றுநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சரி, சேமாங்குமில் நெல் விளைந்ததா? இல்லை. திட்டம் தொழிற்பேட்டை, சூரிய மின்சாரம் என்று மாறிக்கொண்டே வந்தது. 2023இல் உலகச் சாரணர் பெருமுகாமை அங்கே கடலை மூடி உருவாக்கிய நிலத்தில் நடத்தினார்கள். நிழல் இல்லை, தண்ணீர் வடியவில்லை, பிள்ளைகள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள், கடைசியில் புயல் வருகிறது என்று பாதியில் காலி செய்தார்கள். சிப்பி பொறுக்கிய பெண்களுக்குப் போன பிழைப்பு போனதுதான்.

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே சோச்சோன் என்ற ஊரிலும் இதேபோல் சேற்றை மூடித் தொழிற்பேட்டை கட்டும் திட்டம் இருந்தது. 2007இல் அரசு அதைக் கைவிட்டது, பதிலாகச் சூழலியல் நிறுவனமும் கடல் உயிரின நிறுவனமும் அந்த ஊருக்கு வந்தன. அந்தச் சேறு 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கொரியச் சேற்றுநிலங்களில் ஒன்று. சீனாவும் 2018இல் வணிகத்துக்காகக் கடலை மூடும் புதிய திட்டங்களை நிறுத்தியது, 2019இல் யான்செங் கரையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிறுத்த முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நிறுத்துவது ஒரு அரசாணை தூரம்தான்.

இனி நம் கரைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது 16 வகை வலசைக் கரைப்பறவைகளை முன்பைவிட ஆபத்தான நிலைக்கு மாற்றினார்கள். அதில் வளைமூக்கு உள்ளான் இருக்கிறது, சாம்பல் உப்புக்கொத்தி இருக்கிறது, கல்திருப்பி உள்ளான் இருக்கிறது. இந்த மூன்றும் கோடியக்கரைக்கு வருகிறவை. கரண்டி மாதிரி அலகுள்ள உள்ளான் 1980களில் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது, இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். மெல்லிய அலகுக் கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்டது 1995இல் மொராக்கோவில், 2025இல் அது அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக ஒப்பந்தம் ஒன்றின்கீழ் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக அங்கே வளையமிட்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் தலங்கள், இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் வேதாரண்யம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பறவைகளில் பெரும் பங்கு சரணாலயப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை, உப்பளங்களிலும் இருக்கிறது. பாத்தியில் தண்ணீர் விரல் உயரம் நின்றால் கொசு உள்ளான் இறங்கி மேயும். முழங்கால் உயரம் நின்றால் பூநாரை நிற்கும், படம் எடுக்க அழகாக இருக்கும், உள்ளானுக்கு அங்கே வேலை இல்லை. பூநாரை படத்தைப் பார்த்து "பறவை நிறைய வருதே" என்று நாம் திருப்தி அடைகிறோம், உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புப் பறவைகள் குறைவது யார் கண்ணிலும் படுவதில்லை. கடல் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கவும் இவற்றுக்கு ஒரு திறந்த மேடு வேண்டும், நாயும் ஆளும் விரட்டாத இடம். பல ஊர்களில் அந்த இடமும் உப்பள வரப்புதான்.

அந்த உப்பளத்துக்கு என்ன பாதுகாப்பு? 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளை எடுத்துப் பாருங்கள். ஈரநிலம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே உப்பு உற்பத்திக்காக மனிதர் அமைத்த நீர்ப்பரப்புகளை வெளியே வைத்திருக்கிறது. நெல் வயலும் வெளியே. வருவாய்த்துறைப் பதிவேட்டில் சேற்றுநிலம் பெரும்பாலும் தரிசு அல்லது புறம்போக்கு. பள்ளிக்கரணையை இப்படித்தான் தின்று தீர்த்தோம், குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் கட்டினோம், மிஞ்சிய துண்டுக்கு 2022இல் ராம்சார் பட்டம் வாங்கினோம். எண்ணூரில் ஆற்றுக்குள் நிலக்கரிச் சாம்பல் இறங்கியதை அங்குள்ள மீனவர்கள் வருடக்கணக்கில் கத்திச் சொன்னார்கள். அவர்களின் இறாலும் நண்டும் வளர்ந்த சேறும் பறவையின் சேறும் ஒன்றேதான்.

உப்பளத்தை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உப்பளம் ஓடினால்தான் பாத்தியில் தண்ணீர் நிற்கும், பறவையும் வரும், கொதிக்கிற வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்குக் கூலியும் கிடைக்கும். நான் கேட்பது, உப்பளம் என்ற பெயரில் இருக்கிற நிலத்தை நாளைக்கு வேறு எதற்காவது மாற்றும்போது, அங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும் என்பதை. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "பறவை எதுவும் இல்லை" என்று எழுதிய அறிக்கையை ஏற்கக் கூடாது, அந்த மாதங்களில் அவை சைபீரியா போகும் வழியில் இருக்கும். அடுத்தது, அக்டோபர் முதல் மார்ச் வரை சில பாத்திகளிலாவது தண்ணீரை ஆழம் குறைவாக வைக்க உப்பள நிர்வாகங்களோடு வனத்துறை பேச வேண்டும், அதற்குச் செலவும் பெரிதாக இல்லை. கண்ணி வைத்து உள்ளான் பிடித்து டெல்டா சாலையோரத்தில் விற்பதையும் இந்தக் காலத்தில் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், யார் வேண்டுமானாலும் சேரலாம். தூத்துக்குடி, மரக்காணம், வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள், அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், எந்த மாதம் எந்தப் பக்கத்துப் பாத்தியில் சின்ன உள்ளான் கூட்டம் இறங்கும், முன்பு இறங்கி இப்போது இறங்காத இடம் எது என்று கீழே எழுதுங்கள். ஆட்சேபம் எழுதும்போது அந்தத் தகவல்தான் முதலில் தேவைப்படுகிறது, அது வேறு எங்கேயும் கிடைப்பதில்லை.