"சண்டியன் சாகமாட்டான்" என்பது சரியா?

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு ஒன்று, சமூகவிரோதக் குணம் உள்ளவர் "சாகப்போகிறேன்" என்றால் அது வெறும் மிரட்டல் என்கிறது. தவறு.

பழைய எண்ணம்தான் இது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இலேயே, இப்படிப்பட்டவர்கள் தற்கொலை செய்வது அரிது என்று எழுதினார். பின்னால் கைதிகளிடம் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. ஈரமற்ற, பயமற்ற மனம் தற்கொலை முயற்சியோடு பெரிதாகத் தொடர்புபடவில்லை, சரி. ஆனால் யோசிக்காமல் பாய்வது, கோபம், சட்டத்தோடு ஓயாத மோதல் இவை தொடர்புபட்டன. குடியும் போதைப்பொருளும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். (அதற்காக முரடர் எல்லோருக்கும் தற்கொலை எண்ணம் வரும் என்றில்லை.)

மிரட்டல் போலத் தெரிந்தாலும், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.