கரிக்கையூர் பாறையையும் கொஞ்சம் பாருங்கள்

"குகை ஓவியம் எல்லாமே வேட்டை பலிக்க வேண்டி வரைந்ததுதான்" என்று குகை ஓவியங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரான்சில் லாஸ்கோ குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பகுதி பனிமான் எலும்பு. தின்றது அதைத்தான். சுவரிலோ குதிரையும் காட்டெருதும் நிறைந்திருக்க, பனிமான் ஒன்றே ஒன்று. வயிற்றுக்காக மட்டும் வரைந்திருந்தால் இப்படியா இருக்கும்? இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 2024-இல் தேதியிட்ட 51,200 ஆண்டுப் பழைய படத்தில் ஒரு பன்றியைச் சுற்றி மூன்று மனித உருவங்கள். அது கதை சொல்லும் ஆசை என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்குக் கோத்தகிரி. கரிக்கையூர் இருளர் குடியிருப்பைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தால் பழங்கால ஓவியங்கள் உள்ள அந்தப் பாறை வரும். ஒரு விலங்கின் முதுகுக்கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பு, கை எங்கேயும் தயங்கவில்லை. அதற்குக் குறுக்கே யாரோ கல்லால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

இன்னொன்று. இதே நீலகிரியில் உள்ள வெள்ளரிக்கொம்பை பாறை ஓவியங்களைத் தங்கள் முன்னோர் வரைந்தவை என்கிறார்கள் இங்குள்ள ஆலு குறும்பர் பழங்குடியினர். வேங்கைப் பிசினும் மண்ணும் இலைச்சாறும் கொண்டு இன்றும் அவர்கள் வரைகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைகள் வரை போன நீங்கள் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாமே. அடுத்த பகுதியில் எழுதுங்கள். ஆனால் பாறைக்குப் போகும் வழியை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.