புளிச்சோறு உள்ளே வரக் கூடாதாம்

"பள்ளி விடுமுறைக்கு எங்கேயும் போகலையா?" என்று இனி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறியவள் நான். நெத்திலி சம்பால், உருளைக்கிழங்குப் பிரட்டல், ஏழு பேருக்கு ஏழு அவித்த முட்டை. எல்லாம் மாமியின், அதாவது என் மாமியாரின், நாலு அடுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டியில். பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் வரை, 200 கிலோமீட்டருக்கு மேல், கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, "ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுப் போகலாமா?" என்று கேட்ட மனுஷனை, "அது மத்தியானத்துக்கு!" என்று அதட்டியதும் நான்தான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

தீம் பார்க் வாசலில் பையைத் திறக்கச் சொன்னான் ஒரு காவலாளிப் பையன்.

"மக்கானான் லுவார் தாக் போலே, காக்."

வெளிச்சாப்பாடு ஆகாதாம். கஞ்சாவைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினான். முதல் அடுக்கு சோறு. முகர்ந்து பார்த்தான். இரண்டாவது சம்பால். எச்சில் விழுங்கினான், நான் பார்த்தேன். மூன்றாவது பிரட்டல். நான்காவதில் முட்டை. எண்ணினான்! ஏழும் இருந்தன, நல்லவேளை.

அப்போதுதான் மாமி முன்னால் வந்தார். எங்கே போனாலும் அவருக்கு ஒரே ஆயுதம்தான்: "தம்பி, நீ எந்தத் தோட்டம்?"

பையன் மலாயை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டான். "பீடோர் பக்கம் பாட்டி. தோட்டத்தை வித்துட்டாங்க, இப்ப வீடு கட்டித் தாமானா ஆயிடுச்சு."

பீடோரில்தான் மாமியின் தங்கையைக் கட்டிக்கொடுத்தது. அவன் தாத்தா பெயர் என்ன, கங்காணி வீட்டுக்குப் பக்கத்து லயமா, கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவரா என்று பத்து நிமிஷம் ஓடியது. பின்னால் ஐம்பது பேர் வரிசையில் வேகிறார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவன் எனக்குக் கொழுந்தன் முறை ஆகியிருப்பான்.

"சரிப்பா, அப்ப உள்ளே விடு."

"ரூல்ஸ் பாட்டி."

அடப்பாவி! "எனக்கு இனிப்புநீர் தம்பி, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார். டாக்டர் கடிதம் இருக்கிறதா என்று கேட்டான். "அப்ப அந்தப் பொம்பள போத்தலோட போறா?" அது குழந்தைப் பால், அதற்கு மட்டும் அனுமதியாம். மாமி வாயைத் திறந்து காட்டினார். "எனக்கும் பல் இல்ல, பாரு."

அதற்கு அவன் வாக்கி டாக்கியை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டான். ஏழு முட்டைக்கு வாக்கி டாக்கி! அந்த அம்மா வந்து, சிரித்துக்கொண்டே, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அதில் தட்டும் முள்கரண்டியும் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு. நாங்கள் எப்போதுங்க முள்கரண்டியில் புளிச்சோறு சாப்பிட்டோம்?

உள்ளே போனால் திரும்ப வெளியே வந்து போக முடியாது. அதனால் காலை பத்தே காலுக்கு, கார் நிறுத்துமிடத்தில், காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்து, அதன் பின்னால் நின்றுகொண்டு ஏழு பேர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். சின்னவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாருக்கும் மறுபடி பசி. உள்ளே கோழிப்பொரியலும் சோறும் ஒரு தட்டு 32 வெள்ளி. சோறு என்பது ஐஸ்கிரீம் கரண்டியால் எடுத்துக் கவிழ்த்த ஒரு உருண்டை. மாமி அதைப் பார்த்து, "பிள்ளையாருக்கா?" என்று கேட்டார். பருத்திச் சட்டையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று விரட்டியது, பெரியவன் இரண்டு சென்டிமீட்டர் குட்டை என்று ராட்டினத்தில் ஏற்றாதது எல்லாம் தனிக்கதை. அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை.

உண்மையில் நாங்கள் கோலாலம்பூர் போனதே தேசிய அருங்காட்சியகத்துக்காக. பெரியவன் நான்காம் ஆண்டு, பள்ளியில் வரலாறு ஆரம்பித்திருக்கிறார்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் நாட்டில் அவசரகாலமே வந்தது. நம் ஊர்ப் பெயர் அங்கே எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம் அவனுக்கு. நியாயமான ஆசை. நனைந்த துணியை மாற்றி, நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் கதவைச் சாத்திவிட்டார்கள். 1945இல் குண்டு விழுந்து பழைய மியூசியம் சிதைந்த இடத்தில் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறந்த கட்டடம் அது. வாசலின் இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய மொசைக் சுவர்களையும், வெளியே நிற்கும் பழைய ரயில் இன்ஜினையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். படம் எடுக்கப் போனால் கைப்பேசியில் பேட்டரி இல்லை.

வண்டியில் யாரும் பேசவில்லை. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மாமி மெதுவாகச் சொன்னார்: "பழசைப் பார்க்கணும்னா பக்கத்துல கோலகங்சார் போயிருக்கலாமே. வெள்ளைக்காரன் 1877ல வெச்ச ரப்பர் மரம் இன்னும் நிக்குது. டிக்கெட் இல்ல. சோத்தையும் மரத்தடியிலேயே சாப்பிட்டிருக்கலாம்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். அப்புறம் எல்லாரும். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் தெரிந்தது, தூக்குச்சட்டி மூடியைக் காணோம். கார் நிறுத்துமிடத்திலேயே விட்டிருக்கிறோம். மூடி என்றதும் ஞாபகம் வருகிறது: போன தீபாவளிக்கு என் இட்லிச்சட்டியை வாங்கிப்போன பக்கத்து வீட்டு அக்கா, இதைப் படித்தால், சட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது. அதற்கும் ஒரு மூடி இருந்தது.